பிள்ளைகளும் பகடையும்: ரோல்பிளேயிங் கேம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

எனக்குப் பத்து வயதில் இந்த விளையாட்டைக் காட்டியவர் என் சித்தப்பா. இப்போது என் மகளுக்கும் அவள் தோழர்களுக்கும் நான் நடத்துகிறேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்றபடி கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

"போர்டு இல்லை, காய் இல்லை, சுத்தி உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்க. இதுல விளையாட்டு எங்கே இருக்கு?"

பேச்சுதான் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். அவரை கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். "பாலம் பாதியில உடைஞ்சு கிடக்கு. பின்னாடி ஓநாய்ச் சத்தம் நெருங்கிட்டே வருது. என்ன செய்றீங்க?" என்று ஜி.எம். கேட்பார். பிள்ளைகள் சொல்வார்கள். சொன்னது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் மட்டும் பகடை உருளும். விழுந்த எண்ணை வைத்து ஜி.எம். அடுத்து நடந்ததைச் சொல்வார், மறுபடி "என்ன செய்றீங்க?" என்பார். இவ்வளவுதான்.

திருடன் போலீஸ் விளையாடியிருப்பீர்கள். "டுமீல்! நீ செத்துட்டே!" "படவே இல்லை!" "பட்டுச்சு!" அதோடு விளையாட்டு நின்று சண்டை ஆரம்பிக்கும். கற்பனைக்குப் பிள்ளைகளிடம் என்றைக்குமே பஞ்சமில்லை. பட்டதா படவில்லையா என்று தீர்த்துவைக்கத்தான் ஆள் இல்லை. எவ்வளவு தடிமனான விதிப் புத்தகமாக இருந்தாலும் அது செய்கிற வேலை இந்தப் பஞ்சாயத்துதான்.

இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஆண்டு 1974. அதற்கு முன்பே, 1972ல், கைகாக்ஸ் தான் வரைந்த பாதாளக் கோட்டைக்குள் முதன்முதலாக இறக்கிவிட்டது தன் மகனையும் மகளையும்தான். பெரியவர்களின் விளையாட்டைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

"சரி, கடைசியில ஜெயிக்கிறது யாரு?"

யாருமில்லை. இதைச் சொன்னதும் பெரியவர்கள் முகம்தான் சுருங்குகிறது. பிள்ளைகள் இதைக் கேட்பதே இல்லை.

"என் பொண்ணுக்கு ஆறு வயசுதான். பெட்டியில 12 வயசுன்னு போட்டிருக்கே?"

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டியில் இருக்கும் அந்த 12ஐ வாசிப்புச் சுமைக்கான எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதே விளையாட்டின் 1983 பெட்டியில் 10 வயது முதல் என்று இருந்தது. விதியை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் ஆறு வயது தாராளமாகப் போதும். நான்கு வயதிலிருந்தே விளையாட 'ஹீரோ கிட்ஸ்', 'அமேசிங் டேல்ஸ்' மாதிரி தனி விளையாட்டுகளும் உண்டு. இரண்டாவதில் விதி ஒரே வரி: பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நினைத்தது நடக்கும். குழந்தைக்கு நன்றாக வருகிற வேலைக்கு 12 முகப் பகடை, வராத வேலைக்கு 6 முகப் பகடை. 12 முகத்தில் 10 முகங்கள் கைகொடுக்கும், 6 முகத்தில் 4 முகங்கள். எது தனக்கு நல்லது என்று ஆறு வயதுக் குழந்தை மூன்றாவது உருட்டலிலேயே பிடித்துவிடும்.

என் கணக்கு வேறு. கதை சொல்லும்போது "அப்புறம்?" என்று கேட்காமல் "இல்லை, முயல் அப்படிப் போகாது, இப்படித்தான் போகும்" என்று குறுக்கே விழுகிற வயது வந்துவிட்டால் ஆரம்பிக்கலாம். அது நாலிலும் வரும், எட்டிலும் வரும்.

"அந்த விதவிதமான பகடை எல்லாம் வாங்கியே ஆகணுமா?"

வேண்டாம். சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு இருந்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். வழக்கமான தொகுப்பில் 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் வரும். இதில் 10 முகம் தவிர மற்ற ஐந்தும் ஒழுங்குத் திண்மங்கள்: எல்லா முகமும் ஒரே அச்சாக, பக்கமும் கோணமும் சமமாக இருக்கும், எல்லா மூலையிலும் ஒரே எண்ணிக்கையில் முகங்கள் கூடும். அப்படிப்பட்ட குவிந்த திண்மங்கள் உலகத்திலேயே ஐந்துதான் இருக்க முடியும். 20 முகப் பகடையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், எதிரெதிர் முகங்களைக் கூட்ட 21 வரும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லாதீர்கள். அவர்களே கண்டுபிடித்துக் கத்துகிற நாள் ஒன்று வரும்.

பகடை கிடைக்கவில்லை என்பதும் புதிய பிரச்சினை இல்லை. 1979 வாக்கில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட நிறுவனத்துக்கே பகடைத் தட்டுப்பாடு வந்து, பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு அனுப்பினார்கள். ஒரு கோப்பையில் குலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியது. 80களின் தொடக்கத்தில் வந்த சில பெட்டிகளில் பகடையோடு ஒரு மெழுகு கிரேயானும் இருக்கும். எண் பள்ளமாக மட்டும் இருக்கும், நிறம் நாமே தேய்த்துக்கொள்ள வேண்டும். சீட்டுக் குலுக்கி விளையாடுகிறோமே என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இருநூறு முந்நூறு பக்கம் விதி இருக்கே. அதை முழுசா படிச்சுட்டுத்தான் உட்காரணுமா?"

அப்படி நினைத்துப் புத்தகத்தை அலமாரியில் வைத்தவர்கள் அதை மறுபடி எடுத்ததை நான் பார்த்ததில்லை. முதல் பத்து தடவைக்கு நான் பயன்படுத்துவது ஒரே விதி. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டு. 10 அல்லது மேல் என்றால் நினைத்தது நடந்தது. 7 முதல் 9 வரை என்றால் நடந்தது, ஆனால் ஏதோ ஒரு வம்பும் கூடவே வந்தது. 6 அல்லது கீழ் என்றால் வம்பு மட்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2010ல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்ற விளையாட்டிலிருந்து கிளம்பி, இன்று எத்தனையோ விளையாட்டுகளுக்கு முதுகெலும்பாக இருக்கிறது. (அந்த மூல விளையாட்டு பெரியவர்களுக்கானது. விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

இதன் கணக்கைப் பாருங்கள். இரண்டு பகடை விழும் வழிகள் மொத்தம் 36. அதில் முழு வெற்றி 6, வம்போடு வெற்றி 15, வம்பு மட்டும் 15. பாத்திரத்துக்குக் கைவந்த வேலையாக இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளச் சொல்வேன். உடனே 6, 15, 15 என்பது 10, 16, 10 என்று மாறிவிடும். ஒரே ஒரு புள்ளிக்கு இத்தனை மதிப்பு. அந்த நடு வகைதான் கதையின் உயிர். சுவரைத் தாண்டினாய், ஆனால் ஒரு செருப்பு அந்தப் பக்கமே விழுந்துவிட்டது. இனி அந்தச் செருப்பை யார் பார்ப்பார்கள் என்பதிலேயே அரை மணி நேரம் போகும்.

பெரிய விதிகள்தான் வேண்டும் என்றால், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. இலவசமாகவே படிக்கலாம்.

"எனக்குக் கதை சொல்லவே வராது. முதல் நாள் எப்படித்தான் ஆரம்பிக்கிறது?"

கதை சொல்ல வராதவர்கள்தான் பெரும்பாலும் நன்றாக நடத்துகிறார்கள். வருகிறவர்களுக்கு வாயை மூடத் தெரிவதில்லை.

சித்தப்பா எனக்கு நடத்திய முதல் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஒரு கோடு போட்ட நோட்டு, முனை மழுங்கிய பென்சில், வேறேதோ பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பகடை. "கோட்டை வாசல். ஈட்டியோட ஒரு காவலாளி நிக்கிறான். என்ன செய்றே?" நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்து அவனுடைய பலம் எவ்வளவு, ஈட்டி எப்படிப்பட்டது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார். நான், "அவன் பேர் என்ன?" என்று கேட்டேன். சித்தப்பா நோட்டைப் பார்த்தார். நோட்டில் பேர் இல்லை. மேலே பார்த்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. "கடியாரன்" என்றார். "கடியாரா, எவ்வளவு நேரமா நிக்கிறே? கால் வலிக்கலையா?" என்றேன். அன்று கோட்டைக்குள் நாங்கள் போகவே இல்லை. கடியாரனுக்கு உட்கார ஒரு முக்காலி தேடிக் கொடுத்ததோடு ஆட்டம் முடிந்தது. சித்தப்பா எழுதி வைத்த பாதாள அறைகளெல்லாம் என்ன ஆயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே ஓர் இடம், அங்கே ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு குறை. முதல் நாளுக்கு இது போதும். சொல்லிவிட்டு, "என்ன செய்றே?" என்று கேட்டுவிட்டு, பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். குழந்தை யோசிக்கிற அந்த மௌனத்தில் புகுந்து "கதவைத் திறக்கலாமே, இல்லை ஜன்னல் பக்கம் போகலாமே" என்று எடுத்துக் கொடுப்பதுதான் பெரியவர்கள் செய்கிற முதல் தப்பு. எனக்கு அந்தப் பழக்கம் விட இரண்டு வருஷம் ஆனது.

"எத்தனை பிள்ளைங்க, எவ்வளவு நேரம்?"

மூன்று அல்லது நான்கு பேர். ஏழு வயதுக்குக் கீழே முக்கால் மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை. சுவாரசியமான இடத்தில் நிறுத்துங்கள். திட்டினாலும் அடுத்த வாரம் நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

"என் பையன் எதைக் கேட்டாலும் 'வெட்டுறேன்'ங்கிறான். இது அவனைக் கெடுத்துடாதா?"

அவன் கெட்டுப்போகவில்லை. வேறு வழி இருக்கிறது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. பாத்திரத்திடம் என்ன இருக்கிறது, என்ன தெரியும் என்று எழுதும் தாளில் கத்தி மட்டும் இருந்தால் கத்தியைத்தான் எடுப்பான். அவன் தாளில் "விலங்குகளோடு பேசத் தெரியும்", "எதையும் ரிப்பேர் பண்ணுவான்" என்று இரண்டு வரி சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, வெட்டுப்பட்டவனுக்கும் ஆள் இருக்கட்டும். ஓர் ஆட்டத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் கொள்ளைக்காரனை விழுத்தாட்டிவிட்டு, அவன் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டான். "ஒரு சின்ன ஸ்வெட்டர். பாதி பின்னியிருக்கு. ஊசி இன்னும் அதுலயே இருக்கு" என்றேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் செத்துட்டானா, இல்லை மயக்கமா?" என்றான். "நீ சொல்லு" என்றேன். "மயக்கம்" என்றான் அவசரமாக. நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பாடமாகியிருக்கும்.

"கேரக்டர் செத்துட்டா குழந்தை அழுமே, அப்ப என்ன பண்றது?"

அழும்தான். மேலே சொன்ன 1983 பெட்டியில், விதிகளைக் கற்றுக்கொடுக்கும் கதையிலேயே அலீனா என்ற பூசாரிப் பெண் வருவாள். வாசிப்பவரின் காயத்தை ஆற்றுவாள், கூடவே நடப்பாள். கடைசியில் பார்கிள் என்ற மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுவான். அதைப் படித்து வளர்ந்தவர்களில், நாற்பது வருஷம் கழித்தும் பார்கிள் பேரைக் கேட்டால் பல்லைக் கடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பத்து வயதுக்குக் கீழே நான் சாவு வைப்பதில்லை. 1984ல் வந்த 'டூன்' என்ற கார்ட்டூன் விளையாட்டில் ஓர் அருமையான வழி உண்டு: பாத்திரம் சாகாது, கீழே விழும், நிஜக் கடிகாரத்தில் மூன்று நிமிஷம் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரும். அந்த மூன்று நிமிஷமே சிறு பிள்ளைகளுக்குப் பெரிய தண்டனை. பெரிய பிள்ளைகளிடம் முதல் நாளே கேட்டுவிடுவேன்: "இந்தக் கதையில ஆள் சாகலாமா?" எல்லோரும் தலையாட்டினால்தான்.

"பொண்ணு பகடையைத் திருப்பி வைக்கிறா. கண்டும் காணாம விடலாமா?"

எதற்காகத் திருப்புகிறாள் என்று பாருங்கள். பெரும்பாலும், தோற்றால் கதையில் தனக்கு இடமில்லாமல் போய்விடும் என்ற பயம்தான். குறைந்த எண் விழுந்தால் "முடியலை, அடுத்தவங்க" என்று நீங்கள் நகர்ந்துவிடுகிறீர்களா? அப்படியென்றால் தப்பு உங்கள் பக்கம். விதிப் புத்தகம் பற்றிய பதிலில் சொன்ன செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 6 அல்லது அதற்குக் கீழே விழுந்தால்தான் கதை அவளைத் தேடி வரும் என்று ஆக்கிவிட்டால், பகடையைத் திருப்ப வேலையே இல்லை.

நான் ஏமாற்றுவேனா? ஒரு காலத்தில் மறைப்புக்குப் பின்னால் உருட்டி, பிள்ளைகளுக்குச் சாதகமாக எண்ணை மாற்றியிருக்கிறேன். ஒருநாள் ஒருத்தி எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எல்லோர் முன்னாலும்தான் உருட்டுகிறேன்.

"ஒருத்தன் நிறுத்தாம பேசுறான், இன்னொருத்தி வாயே திறக்கலை."

பேசாதவளிடம் "நீ என்ன செய்றே?" என்று கேட்காதீர்கள். எல்லா முகங்களும் திரும்பிப் பார்க்கும்போது அது தேர்வுக் கேள்வி. அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கொடுங்கள். சீட்டில் எழுதிக் கையில் திணிப்பேன்: "சுவருக்குப் பின்னால் யாரோ பாடுகிறார்கள். உன் காதில் மட்டும் விழுகிறது." இனி மற்றவர்கள் அவளைக் கேட்பார்கள். பேசுகிறவனுக்கு வரைபடம் வரையும் வேலை. கை ஓடும்போது வாய் கொஞ்சம் ஓயும். கொஞ்சம்தான்.

"பேய், மந்திரம், பிசாசுன்னு எல்லாம் வருதே. இது ஆபத்துன்னு எங்கேயோ படிச்சேனே?"

நீங்கள் படித்தது அமெரிக்காவில் 80களில் கிளம்பிய பீதியின் மிச்சம். 1979ல் கல்லூரி மாணவர் ஒருவர் காணாமல் போனபோது, இந்த விளையாட்டை நிஜமாக ஆடப்போய்ச் சுரங்கப் பாதையில் தொலைந்துவிட்டார் என்று செய்தி பரவியது. அவருடைய துயரத்துக்குக் காரணம் வேறு என்று பின்னால் தெரிந்தது, ஆனால் பீதி நின்றுவிடவில்லை. பில்லி சூனியம், தற்கொலை என்று எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டினார்கள். 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'டீமன்', 'டெவில்' என்ற சொற்களையே நிறுவனம் எடுத்துவிட்டு, பின்னால் வேறு பெயர் வைத்தது. ஆராய்ந்து பார்த்தவர்கள் விளையாட்டுக்கும் தற்கொலைக்கும் தொடர்பு காணவில்லை.

ஆனால் பயம் நிஜம். பகலில் சிரித்த குழந்தை ராத்திரி எழுந்து உட்காரும். அதற்கு ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' என்ற ஏற்பாடு இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை மேசை நடுவில். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அப்படியே விலகும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. முதல் நாள் நானே ஒருதடவை தொட்டுக் காட்டுவேன். பெரியவர்கள் தொட்டால்தான் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும். எங்கள் மேசையில் அந்த அட்டையால் காணாமல் போனது பேய் இல்லை, கரப்பான்பூச்சி.

"இதனால கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் முன்னேறுமா?"

கூட்டல் வேகமாக வரும், அது கண்ணால் பார்த்தது. ஆனால் மார்க்குக்காக உட்கார வைத்தால் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். தயவுசெய்து இதையும் டியூஷன் ஆக்காதீர்கள்.

"தமிழ்ல விளையாடினா சரியா வருமா? விதி எல்லாம் இங்கிலீஷ்லதானே இருக்கு?"

விதி எந்த மொழியில் இருந்தால் என்ன, பேச்சு நம் மொழி. 'இனிஷியேட்டிவ்' (சண்டையில் யார் முதலில் என்ற வரிசை), 'ஹிட் பாயிண்ட்' (பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஹிட் பாயிண்டை நான் 'உயிர்ப்புள்ளி' என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், விட்டுவிட்டேன்.

உண்மையில் தமிழில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரு பாத்திரம் "வாங்க" என்கிறதா, "வா" என்கிறதா, "வாடா" என்கிறதா என்பதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். முகமூடி போட்ட ஒருத்தி ராஜாவைப் பார்த்து "நீ எப்ப வந்தே?" என்று கேட்டாள், என் வாயால்தான். மேசையில் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். ராஜாவை "நீ" என்கிறவள் யார்? அக்காவா, ராணியா, எதிரியா? குரலை மாற்றி நடிக்க வராத எனக்கு இது பெரிய கைத்தடி.

'நாம'வும் 'நாங்க'வும் இன்னொன்று. வழிகாட்டியாக வந்த ஒருவன் எப்போதும் "நாம போலாம்" என்பான். குகை வாசலில் மட்டும் "நாங்க உள்ளே போறோம்" என்றான். என் மகள் சட்டென்று, "நாங்கன்னா? வேற யாரு கூட வர்றா?" என்றாள். ஒளிந்திருந்த ஆட்களை ஒரு பகடையும் உருட்டாமல் பிடித்துவிட்டார்கள். நான் திட்டம் போட்டுச் சொன்னதாக அவர்கள் நம்புகிறார்கள். வாய் தவறி வந்தது.

"மூத்தவளுக்கு 13, சின்னவனுக்கு 7. ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சு ஓட்ட முடியுமா?"

ஓட்டலாம், ஆனால் மூத்தவளுக்கு முதலிலேயே ஒரு ரகசியம் சொல்லிவிடுங்கள். சின்னவன் குதிரைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும்போது, மந்திரி பொய் சொல்கிறான் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். "தம்பிக்காகப் பொறுத்துக்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஆட்டமாக இருக்காது, காவல் வேலையாகிவிடும். அவளுடைய தோழிகள் வருகிற நாளில் சின்னவனுக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள்.

"இப்ப அவளே நடத்தணும்ங்கிறா. விதி ஒண்ணும் ஒழுங்கா தெரியாது. விடலாமா?"

விடுங்கள். விதி தெரியாதது முதல் நாள் எனக்கும்தான். நீங்கள் செய்ய வேண்டியது ஆட்டக்காரராக உட்காருவது மட்டும். விதியைத் திருத்தாதீர்கள், புத்தகத்தைப் புரட்டிக் காட்டாதீர்கள். அவளாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

என் மகள் முதன்முதலாக நடத்தியபோது அவளுக்கு ஒன்பது வயது. நான்கு தாள்களை ஒட்டி, பதினான்கு அறைகள் வரைந்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கலர் பென்சிலால் எழுதியிருந்தாள். ஆட்டக்காரர்கள் நானும், என் தம்பியும், சித்தப்பாவும். முதல் அறையில் ஒரு தவளை இருந்தது. சித்தப்பா அதன் பேரைக் கேட்டார். தம்பி அதற்குக் குடும்பம் உண்டா என்று கேட்டான். ஒன்றரை மணி நேரம் கழித்தும் நாங்கள் முதல் அறையிலேயே இருந்தோம். அவள் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, அடுத்த வாரம் தவளை ஊமை" என்றாள்.